வீடு திரும்பியோரும் கடலில் தங்கியோரும்

பங்குனி மாதத்தின் கடைசி நாள்களில் ஒரு மாலைப் பொழுது. களுதாவளைக் கடற்கரை மணலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை செல்லும் வீதியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தெற்கே வருவோர் இவ்வூரை அடைவர். மேற்கே வாவி, கிழக்கே வங்கக் கடல், இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலம். அந்நிலத்தை உழைப்பினாலே பொன்னாக்கி, வெற்றிலைக் கொடிகளைத் தழைக்கச் செய்திருக்கிறார்கள் இவ்வூர் மக்கள். அந்தி வேளையில் பிள்ளையார் கோயில் மணியோசை காற்றோடு மிதந்து வந்தது. கடலோ ஒரு சிறு குற்றமும் அறியாத குழந்தையைப் போல அமைதியாகக் கிடந்தது.

சித்திரைப் புத்தாண்டு பிறக்கச் சில நாள்களே இருந்தன. பிற ஊர்களில் தொழில் பார்ப்போர் வீடு தேடி வருங் காலம் அது. மருத்துநீர் வைத்து நீராடி, புத்தாடை உடுத்து, பெரியோர் கையினாற் கைவிசேடம் வாங்குவதற்குப் பிள்ளைகள் வந்துசேர வேண்டுமே என்று தாய்மார் படலையைப் பார்த்திருக்கும் நாள்கள் அவை.

எம்மோடு வந்திருந்த மாணவன் ஒருவன் கடலைச் சுட்டிக் காட்டி, "ஐயா, இந்தக் கடலுக்குள்ள ஒரு அவுஸ்திரேலியாக் கப்பல் தாண்டு கிடக்குதாமே? அவங்களுக்கு எங்கட கடலில என்ன வேலை?" என்று கேட்டான்.

சிறு கேள்விதான். ஆயினும், அதற்கு விடை கூறப் புகுந்தால் நாலாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் பண்ணை வீடுகளுக்கும், மத்தியதரைக் கடலுக்கும், மலாயாவுக்கும் சென்று, ஈற்றில் எமது முற்றத்துக்கே திரும்பி வரவேண்டியிருக்கின்றது. அவனுக்குக் கூறியதை வாசகர்களுக்கும் கூற விரும்புகின்றோம்.

ஐந்து சிலிங் சம்பளம்

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆந் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது போர் தொடுத்தது. அன்றே அவுஸ்திரேலியாவும் தான் போரில் இறங்கியதாக அறிவித்தது. அந்நாளில் அந்நாட்டின் சனத்தொகை 70 இலட்சம் அளவினதே. போர் முடிவதற்குள் அவர்களுள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் ஏதாவதொரு படையின் சீருடையை அணிந்துவிட்டனர். ஏழு பேரில் ஒருவர்! ஆளனுப்பாத வீடு அரிது என்றே சொல்லலாம்.

கடல் கடந்து போரிடச் சென்ற அவுஸ்திரேலியப் பெரும்படையிலே சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள். ஆட்டு மயிர் கத்தரிப்பவன், கோதுமை வயலில் உழைப்பவன், வங்கி எழுதுவினைஞன், பள்ளிக்கூடத்தை விட்டு ஈராண்டே ஆன இளைஞன் என்று பலதரப்பட்டோரும் அதிலே இருந்தனர். தேசபக்தியினாற் சேர்ந்தவர் உண்டு; உலகைப் பார்க்கும் ஆசையினாற் சேர்ந்தவர் உண்டு. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையின்றி அலைந்து, ஒழுங்காகச் சாப்பாடு கிடைக்குமென்று சேர்ந்தவரும் உண்டு. மணமாகாத சாதாரணப் போர்வீரனுக்குத் தொடக்கத்திலே நாளொன்றுக்கு ஐந்து சிலிங் சம்பளம். சரித்திர நூல்கள் தளபதிகளைப் பற்றிப் பேசும். நாம் இங்கே பேச விரும்புவது இந்த ஐந்து சிலிங் மனிதனைப் பற்றியே.

அவனுடைய கடற்படைத் தோழர்கள் சிலர் ஏறிய கப்பலின் பெயர் 'வம்பயர்'. நம்மவர் காட்டேரி என்பார்களே, அத்தகைய இரத்தம் உறிஞ்சும் பேயின் பெயர் அது. பெயர்தான் அச்சந் தருவது, கப்பலோ பழையது. முதலாம் உலக யுத்த காலத்தில், 1917இல், இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட அந்த நாசகாரிக் கப்பல் 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படையிடம் வந்தது. யுத்தம் தொடங்கியதும் அதனைப் போன்ற வேறு நான்கு பழங் கப்பல்களோடு மத்தியதரைக் கடலுக்குச் சென்றது. ஜேர்மானியப் பிரசாரகர்கள் இவ்வைந்தையும் 'பழைய இரும்புக் கூட்டம்' என்று எள்ளி நகையாடினர். மாலுமிகளோ அந்த ஏளனப் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டு, முற்றுகைக்குள்ளான தோபுருக் துறைமுகத்துக்கு உணவும் ஆயுதமும் சுமந்து சென்றனர். 1941 ஏப்பிரலிலே கிறீஸ் நாடு வீழ்ந்தபோது, அங்கே அகப்பட்டுக்கொண்ட அவுஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரித்தானியப் படைவீரர்களை இரவோடிரவாக மீட்டெடுத்த கப்பல்களுள் வம்பயரும் ஒன்று.

மீட்டவர்களே மிதந்தார்கள்

1941 டிசெம்பரில் யப்பான் போரில் இறங்கியது. அம்மாதம் 10ஆந் திகதி மலாயாக் கரைக்கப்பால் 'பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுக்குத் துணையாகச் சென்றிருந்த வம்பயர், எண்ணெய் படர்ந்த நீரிலே தத்தளித்த ரிப்பல்ஸ் மாலுமிகளுள் 200க்கு மேற்பட்டோரைத் தூக்கியெடுத்துக் காப்பாற்றியது. அவ்வாறு கயிறு வீசிக் கை கொடுத்த இளைஞர்கள், நான்கு மாதங்களின் பின்னர் தாமும் அவ்வாறே கடலில் மிதக்கப் போவதை அன்று அறிந்திருக்க மாட்டார்கள்.

1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாள்களின் பின் அவுஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தின்மீதே குண்டுகள் விழுந்தன. மத்திய கிழக்கிலிருந்த தமது படைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புமாறு அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் கேர்ட்டின் வற்புறுத்தினார். அவற்றுள் ஒரு பகுதியைப் பர்மாவுக்குத் திருப்பிவிடப் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் விரும்பினார். தந்திகள் கடுமையாகப் பரிமாறப்பட்டன. கேர்ட்டின் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும், இலங்கையைக் காப்பதற்கென ஆறாவது டிவிசனின் இரண்டு பிரிகேடுகளைச் சிறிது காலத்துக்குத் தர இணங்கினார். அவ்வாறு, வீட்டை நோக்கிப் புறப்பட்ட ஆயிரக்கணக்கான அவுஸ்திரேலிய வீரர்கள் 1942 மார்ச்சில் நம் தீவில் இறங்கினர். முந்திய ஆண்டு கிறீசிலிருந்து மீட்கப்பட்ட படை அது. அதனை மீட்ட கப்பல்களுள் ஒன்றான வம்பயரும் அவ்வேளை இலங்கைக் கடலிலேயே நின்றது. யுத்தம் விளையாடும் விளையாட்டுக்களுள் இதுவும் ஒன்று போலும்!

ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்காம் நாள், 9ஆந் திகதி வியாழக்கிழமை காலை, அவை திருகோணமலைமீது பாய்ந்தன. தாக்குதல் வரப்போவதை அறிந்து, 'ஹேர்மிஸ்' என்ற விமானந் தாங்கிக் கப்பலும் வம்பயரும் முதனாள் இரவே துறைமுகத்தைவிட்டுத் தெற்கு நோக்கிச் சென்றுவிட்டன. விமானந் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு அமைக்கத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹேர்மிஸ். ஆனால், அன்று அதன் தளத்திலே ஒரு விமானமேனும் இருக்கவில்லை. சிறகில்லாத பறவையாகவே அது சென்றது. ஆபத்து நீங்கியதென எண்ணி இரு கப்பல்களும் வடக்கே திரும்பியபோது, யப்பானிய வேவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுவிட்டது.

மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அவற்றைத் தேடி வந்தன. இருபது நிமிடங்களளவில் ஹேர்மிஸ் நாற்பது வரையான குண்டுகளை வாங்கி மூழ்கியது. அதிலிருந்தோருள் 307 பேர் மாண்டனர். அதன் பின்னர் விமானங்கள் வம்பயரைச் சூழ்ந்தன. முற்பகல் 11 மணியளவில் அப்பழங் கப்பல் இரண்டாக முறிந்து நீரிற் புதைந்தது. அதன் தளபதி கொமாண்டர் மொரன் கப்பலோடு மறைந்தார். அவருடன் உயிர் துறந்த மாலுமிகள் பத்துப் பேருக்குங் குறைவானவர்களே. நூற்றுக்கு மேற்பட்டோர் கடலில் மிதந்தனர்.

நல்லூழ் ஒன்று அவர்களைக் காத்தது. 'வீற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல் அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. செஞ்சிலுவை பூண்ட அக்கப்பலை யப்பானியர் தாக்கவில்லை. அது இரு கப்பல்களிலிருந்தும் ஏறத்தாழ 600 பேரை ஏற்றிக்கொண்டு கொழும்பு சேர்ந்தது. வேறு சிலரை இக்கரையோரத்துத் தோணிகள் மீட்டன. சிலர் நீந்தியே கரையேறினர். மொழி தெரியாத, பெயர் தெரியாத, எண்ணெயும் உப்பும் அப்பிய மனிதரைத் தோணிக்குள் தூக்கியெடுத்த கைகள் நம்மவர் கைகள் என்று எண்ணும்போது, நெஞ்சு சிறிது நிமிரத்தான் செய்கின்றது. புத்தாண்டுக்கு முந்திய அந்த நாள்களில், பிள்ளைகளின் வரவை எதிர்நோக்கியிருந்த இக்கரை, எவரோ பெற்ற பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது.

படலையைத் திறந்த கை

இலங்கையின் தென்பகுதிக் காடுகளில் மழையிலும் அட்டைக் கடியிலும் பயிற்சி பெற்ற அவுஸ்திரேலியத் தரைப்படையினர் 1942 ஜூலையில் விடைபெற்று, ஓகஸ்டில் மெல்பேர்ண் சேர்ந்தனர். இரண்டரை ஆண்டுகள் பிரிந்திருந்தவர்கள் பலர். தகப்பன் முகத்தை முதன்முதலாகப் பார்த்த குழந்தைகள் அந்நியனைக் கண்டதுபோல அழுதிருக்கும். ஆனால், அந்தத் திரும்புகை நீடிக்கவில்லை. சில வாரங்களில் அவர்கள் பப்புவாவுக்கு அனுப்பப்பட்டனர். கொக்கோடா மலைப்பாதையின் சேற்றிலும் மலேரியாக் காய்ச்சலிலும், இலங்கைக் காட்டிலே கற்ற பாடம் அவர்களுக்குப் பயன்பட்டது. எனினும், நம் தீவிலிருந்து நலமாகச் சென்ற பலர் அங்கிருந்து திரும்பவேயில்லை.

1945 ஓகஸ்டில் யுத்தம் ஓய்ந்தது. படைவீரர்களை வீட்டுக்கு அனுப்பும் பெருங் காரியம் அவ்வாண்டு ஒக்ரோபர் 1ஆந் திகதி தொடங்கிற்று. எவன் முதலிற் செல்வது? பதவியைக் கொண்டு அது தீர்மானிக்கப்படவில்லை. வயது, சேவைக்காலம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்கி, கூடிய புள்ளி பெற்றவனை முன்னே அனுப்பினர். வயது முதிர்ந்தவனும் மனைவி மக்கள் உடையவனும் முந்தினர், இளைஞன் காத்திருந்தான். இது நேர்மையான முறை என்றே எமக்குப் படுகின்றது.

வீட்டுக்கு வந்தவனை அரசு வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. 1944இல் வகுக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின்கீழ், போருக்குச் சென்றதனாற் படிப்பை இழந்தவர்கள் பல்கலைக்கழகங்களிலும் தொழிற்கூடங்களிலும் அரச செலவிற் பயின்றனர். முப்பது வயதுத் தகப்பன்மார் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து பாடங் கேட்ட காலம் அது. மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தகுதியுடைய பலருக்கு விவசாயக் காணியும், வீடு கட்டக் கடனும் கிடைத்தன. இறந்த வீரரின் விதவைகளையும் பிள்ளைகளையும் பராமரிப்பதற்கென்று, முதலாம் யுத்தத்திலிருந்து திரும்பியோர் 1923இல் தொடங்கிய 'லெகசி' என்னும் சங்கம் அப்பொறுப்பைத் தொடர்ந்தது.

இவையெல்லாம் உண்மை. ஆயினும், படலையைத் திறந்துகொண்டு வந்த மனிதன், படலையைச் சாத்திவிட்டுப் போன மனிதன் அல்லன் என்பதும் உண்மை. மலேரியா ஆண்டுக்காண்டு திரும்பி வந்து உடலை உலுப்பியது. நடுநிசியில் அலறி எழுந்தோர் பலர். யுத்தத்தைப் பற்றி மனைவியிடமும் வாய் திறவாதோர் அவரினும் பலர். மதுவிலே மறதியைத் தேடியோரும் உண்டு. யப்பானியரிடம் சிறைப்பட்ட 22,000க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியருள் 8,000 பேருக்கு மேல் மாண்டுபோக, எஞ்சியோர் எலும்புந் தோலுமாய் வந்திறங்கினர். சிட்னியில் கொன்கோர்ட், மெல்பேர்ணில் ஹைடல்பேர்க் ஆகிய இடங்களிலிருந்த படைவீரர் வைத்தியசாலைகள் நெடுங்காலம் நிறைந்தே இருந்தன.

இன்னுமொன்றையும் மறைத்தலாகாது. அந்நாட்டின் ஆதிக்குடி மக்களும் அப்போரிற் பங்குகொண்டனர். ஒரே பதுங்குகுழியில் தோளோடு தோள் நின்றவன், ஊர் திரும்பியதும் மதுச்சாலை வாயிலில் தடுக்கப்பட்டான். காணி வழங்கும் திட்டத்திலும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டான். படையிற் சேவை செய்த ஆதிக்குடியினருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை 1949இலேதான் சட்டத்தால் உறுதியாயிற்று. வீடு திரும்புதல் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமையவில்லை.

கல்லிலே எழுதிய பெயர்

திரும்பி வராதவனின் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. மகனையோ கணவனையோ இழந்தவளுக்கு அரசு ஒரு சிறு சின்னத்தை வழங்கியது. இழந்த ஒவ்வோர் உயிருக்கும் அதிலே ஒரு நட்சத்திரம். உலகிலே எந்தத் தாயும் விரும்பாத நட்சத்திரம் அது.

அவுஸ்திரேலியாவின் சிற்றூர்களிலே, நாற்சந்தியிலோ மண்டப முன்றிலிலோ ஒரு நினைவுக்கல்லைக் காணலாம். அக்கற்களுட் பலவற்றில் ஒரு புதுமை உண்டு. இறந்தவர் பெயர் மட்டுமன்றி, சென்று திரும்பியவர் பெயரும் அவற்றிலே பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவர் பெயரருகே ஒரு சிறு குறி மட்டும் இருக்கும். ஊரைவிட்டுப் போனவன் எவனையும் ஊர் மறக்கவில்லை என்பது அதன் கருத்து. தலைநகர் கன்பராவிலே 1941இல் திறக்கப்பட்ட போர் நினைவாலயத்தின் சுவர்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அங்கே பதவியுமில்லை, பட்டமுமில்லை. தளபதியும் சமையற்காரனும் அகரவரிசையில் ஒருவரருகே ஒருவராக இருக்கின்றனர். 2013ஆம் ஆண்டு முதல், நாடோறும் ஆலயம் மூடும் வேளையில், அப்பெயர்களுள் ஒன்றுக்குரியவரின் வாழ்க்கை வரலாறு வாசிக்கப்படுகின்றது. கடலையன்றி வேறு கல்லறையில்லாத வம்பயர் மாலுமிகளின் பெயர்கள் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள கடற்படை நினைவுத்தூணிலும் பொறிக்கப்பட்டுள்ளன.

கப்பலின் பெயரும் அழியவில்லை. 1959இல் சேவையிற் சேர்ந்த இன்னோர் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலுக்கு 'வம்பயர்' என்றே பெயரிட்டார்கள். சேவையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கப்பல் இன்று சிட்னித் துறைமுகத்திலே பொருட்காட்சிச் சாலையாக நிற்கின்றது. பாட்டன் பெயரைத் தாங்குவதனாலேதான் பேரன் பெயரன் ஆனான் என்பர் நம் முன்னோர். சிட்னியில் வாழும் நம்மவர் பிள்ளைகள் அக்கப்பலின் தளத்தில் ஏறி விளையாடும்போது, அதன் பாட்டன் மட்டக்களப்புக் கடலிலே உறங்குவதைப் பெற்றோர் எடுத்துக் கூறலாம்.

கல்லிலே பெயர் பொறிக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. ஆநிரை மீட்டு மடிந்தவனுக்குக் கல் நட்ட மரபைத் தொல்காப்பியம் விரித்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களிலே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மடிந்த சாதாரண மனிதரின் பெயர்கள் தமிழி எழுத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவர்களும் அரசர்களல்லர், ஊருக்காகப் போய் வீடு திரும்பாதவர்கள்.

இவ்விடத்திலே ஒரு வேதனையான ஒப்புமை எம் மனத்தில் எழுகின்றது. பர்மா-சீயம் மரண ரயில்பாதையில் அவுஸ்திரேலியக் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரும் மாண்டனர். ஆங்கு மாண்ட அவுஸ்திரேலியருக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாற்றிலும் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. எத்தனையோ தமிழ்த் தொழிலாளருக்குப் பெயரெழுதிய ஏடுகூட இல்லை. அவர்களுக்காகக் காஞ்சனபுரியிலே மலேசியத் தமிழர் நடுகல் நாட்டியது 2023இலேதான். எண்பது ஆண்டுகள் பிந்தியேனும் அக்கல் எழுந்தது. பிந்திய நினைவும் நினைவே.

நம் முற்றத்துக்குத் திரும்புவோம்

இந்தக் கடலே 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்து வந்து இக்கரையோர மக்களை வாரிச் சென்றது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த நம் நாட்டு யுத்தத்தில், வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றுவரை திரும்பவில்லை. புத்தாண்டு தோறும் ஒரு பங்கு கைவிசேடத்தை எடுத்து வைத்துவிட்டு, புகைப்படத்தோடு காத்திருக்கும் தாயின் துயரம், தந்தியைக் கையிலேந்தி நின்ற அவுஸ்திரேலியத் தாயின் துயரத்திற் குறைந்ததன்று. கூடியது என்றே சொல்லவேண்டும். மகனுக்கு என்ன நேர்ந்தது என்பதாவது அவளுக்குத் தெரிந்தது; பெயர் எழுதிய சுவர் ஒன்றாவது அவளுக்குக் கிடைத்தது.

ஒரு நாட்டின் பெருமையை அது வென்ற போர்களைக் கொண்டு அளப்பது பழைய வழக்கம். போனவர்களுள் எத்தனை பேரை எண்ணிக் கணக்கெடுத்தது, திரும்பியவனை எவ்வாறு ஏற்றது, திரும்பாதவனின் பெயரை எங்கே எழுதியது என்பவற்றைக் கொண்டு அளப்பதே சிறந்ததென்று நாம் கருதுகின்றோம். அவ்வளவுகோலின்படி அவுஸ்திரேலியாவிடம் குறை உண்டு. ஆதிக்குடியினன் கதையே அதற்குச் சான்று. எனினும், அது பெயர்களை எழுதியது. அதனை நாமும் கற்றல் தகும். அதற்குப் பெரிய மண்டபம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்து சென்று திரும்பாதவர்களின் பெயர், வயது, பெற்றோர் கூறும் விவரம் ஆகியவற்றை அவர்களின் சம்மதத்தோடு ஒரு கொப்பியிலே எழுதத் தொடங்கினாற் போதும். முதற் கல் அதுவே.

இருள் கவிந்தது. ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில், மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கடல் மைல் தொலைவில், ஹேர்மிஸ் இன்றும் கிடக்கின்றது. வம்பயரின் மாலுமிகளும் அக்கடலிலேதான் உறங்குகின்றனர். சித்திரைக்கு வீடு போய்ச்சேர முடியாமற்போன விருந்தினர் அவர்கள்.

கேள்வி கேட்ட மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அவங்கட பேரெல்லாம் எழுதி இருக்கு எண்டீங்க ஐயா. எங்கட பெரியப்பாட பேர் எங்க எழுதி இருக்கு?" என்று கேட்டான்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. வீடு சேர்ந்ததும் கொப்பியொன்றை எடுத்து முதற் பக்கத்தில் அவன் கையாலேயே அப்பெயரை எழுதச் சொன்னோம். எழுதினான்.